பெயர் தெரியாத மிருகம்

வாய் திறந்து சொல்லித் தீராத பிரச்சினை என்று இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. தீராமல் கிடப்பதெல்லாம் சரியான குரலில் சொல்லப்படாதவை மட்டுமே.

இதை எந்த ஞானியும் எழுதிவைக்கவில்லை. லிஃப்ட் கம்பெனி வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து, சீட்பெல்ட்டுக்கும் தொப்பைக்கும் இடையே ஒரு சமாதானத்தை ஏற்படுத்திக்கொண்டே அப்பா சொன்னது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது பெரியவன் என்பதால், அவனால் பாதியில் இறங்கிப் போக முடியவில்லை.

அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். தெருவில் அவருக்குப் பெயர் ‘மைக்’. அவர் சொன்னால் கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்கு மூட்டை முடிச்சோடு ஓடுகிறார்கள். இப்படித் தினமும் ஓடவைப்பது ஒரு மனிதனை என்ன செய்யும் என்பது அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். சாப்பாடு தயார் என்பதைக்கூட அவர் இரண்டு முறை சொல்வார்.

பின்சீட்டில் அம்மா. பக்கத்தில், அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சின்னவள்.

மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுத்தவள் அம்மா. எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரு பார்வையில் படித்து, வாங்க வந்தவருக்கு விளக்கமும் சொல்வாள். ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரோடு சரிந்தாள். பக்கவாதம். காலில் தெம்பு திரும்பியது. வலது கை பாதி திரும்பியது. யார் என்ன சொன்னாலும் முழுதாகப் புரிகிறது. வார்த்தை மட்டும் போனது போனதுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள், தங்கிப் பயிற்சி எடுக்கும் ஒரு நிலையத்தைச் சொன்னார். வெளியூர். மாதக்கணக்கில் இருக்க வேண்டும். பெரியவன் சரி என்றான். அப்பா மேஜையைத் தட்டினார். அண்டை வீடுகள் தெளிவாகக் கேட்கும்படி நடந்த அந்தச் சண்டையில்தான், போன வாரம், இந்த ஒப்பந்தம் உருவானது.

“ஞாயித்துக்கெழமை எல்லாரும் மிருகங்களைப் பார்க்கப் போறோம். அந்தப் பூங்காவை விட்டு வெளிய வர்றதுக்குள்ள அவ ஒரு வார்த்தை பேசணும். பேசலேன்னா நானே பெட்டி கட்டிக் கொண்டுபோய் விடுறேன். பேசிட்டா, அந்த இடத்தோட பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது.”

அப்போதிலிருந்தே யாரும் எடுக்கவில்லை. வீட்டில் அதற்குப் பெயர் ‘அங்க’ என்று ஆகிவிட்டது.

ஒப்பந்தம் நடந்தபோது அம்மாவும் அதே மேஜையில்தான் இருந்தாள். அவளைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து சின்னவளுக்குத் தூக்கமில்லை. அவளுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். அப்பா முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போன ஒரு காலையில், அம்மா குழாயைப் பார்த்தபடி நின்று, மெதுவாக, “தண்ணி” என்றாள். அடுத்த நாள், “சூடு.” அதற்கடுத்து, சின்னவளைப் பார்த்து அவள் செல்லப்பெயரில் பாதி.

அப்பா வீட்டில் இருக்கும்போது ஒன்றுமில்லை.

இதைச் சொன்னால் அம்மா பேசுகிறாள் என்பதைச் சொல்ல வேண்டும். எப்போது பேசுகிறாள் என்பதையும் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ‘இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் சின்னவள், வீட்டில் தெரிந்ததை வாய்க்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தாள்.

வேன் பூங்கா வாசலில் நின்றது. பின்னால் ஸ்பேனர் பெட்டி ஒரு தடவை குலுங்கி அடங்கியது.

“இறங்கு, இறங்கு. பார்த்து. வலது காலை முதல்ல வை. இல்ல, இடது. தலை தலை தலை” என்றார் அப்பா.

அம்மா இறங்கி நின்ற பிறகும் அறிவிப்பு சிறிது நேரம் தொடர்ந்தது.

ஒட்டகச்சிவிங்கிகளுக்குத் தீனி கொடுக்க மரத்தால் ஒரு மேடை கட்டியிருந்தார்கள். படியேறிப் போனால் அதன் முகம் நம் முகத்துக்கு நேரே வரும். அம்மா இடது கையில் ஒரு இலைக்கொத்தைப் பிடித்து நீட்டினாள். ஒட்டகச்சிவிங்கி கழுத்தை இறக்கி, பெல்ட் நீளத்துக்குக் கருநீல நாக்கை வெளியே எடுத்து, அவள் விரலைச் சுற்றி இலையை உருவிக்கொண்டது. அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போதெல்லாம் முகத்தில் ஒரு பக்கமாகத்தான் வரும்.

அப்பா இதற்காகவே காத்திருந்தார். “சொல்லு பார்ப்போம். ஒட்-ட-கச்-சி-விங்-கி.”

பெரியவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “அப்பா, மொழியிலயே அதை விடப் பெரிய வார்த்தை கெடைக்கலையா? நல்லா இருந்தப்பவே அம்மா அதை நெட்டைன்னுதான் சொல்லுவாங்க.”

“சரி, நெட்டை. சின்ன வார்த்தை. சொல்லு, நெட்டை.”

அம்மாவின் நாக்கு மேல்வரிசைப் பல்லைத் தொட்டது. கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது. “ந்...” என்று ஒரு ஒலி கிளம்பியது.

“நெட்டை” என்றார் அப்பா. “நெட்டைன்னுதான் சொல்ல வந்தா. கேட்டீங்கல்ல?”

ஒலி நின்றுபோனது. அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

“நீங்கதான் சொன்னீங்க, அம்மா சொல்லலை.”

“அவ சொல்ல வந்துட்டாடா. வார்த்தை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுச்சு.”

“வாசல்ல நீங்க மைக்கோட நின்னா அது எப்படிப்பா வெளிய வரும்? அந்தப் பயிற்சி அம்மா என்ன சொன்னாங்க? கேட்டுட்டு சும்மா இருங்கன்னாங்க. மனசுக்குள்ள ஒரு பாட்டை முழுசாப் பாடி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்கன்னாங்க.”

அப்பா சிரித்தார். பக்கத்தில் நின்ற வேற்றுக் குடும்பம் ஒன்றையும் பார்வையாளர்களாகச் சேர்த்துக்கொண்டு, அந்த அம்மாளைப் போலவே நடித்துக் காட்டினார். மேடையின் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்தார். உதட்டை மடித்து, கண்ணை அகல விரித்து, கன்று போடப்போகும் மாட்டைப் பார்ப்பவர்போல எதிரே வெறித்தார். வேற்றுக் குடும்பத்தின் பெரியவர் ஒருவர் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

“இப்படி உட்கார்ந்திருக்கணுமாம். இதுக்கு ஒரு படிப்பு, ஒரு பட்டம்” என்று எழுந்தார் அப்பா. “காத்திருந்தா பஸ் வரும்டா. வார்த்தை வராது.”

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசைபோட்டபடி எல்லோரையும் சமமாகப் பார்த்தது.

பிறகு புலி வந்தது. அதாவது, தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப்புறம், புல்லில் காதுகள் மட்டும் தெரிந்தன. “புலி. சின்னது. ஊதுற மாதிரி சொன்னாப் போதும்” என்று அப்பா ஊக்கம் கொடுத்தார். புலியும் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை. கரடி, மான், நீர்யானை என்று வரிசையாக எல்லா மிருகங்களின் பெயரையும் அப்பாவே சொல்லி முடித்தார். நீர்யானையை மட்டும் வழக்கம்போல இரண்டு முறை.

மதியம் மரத்தடியில் ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சு. அப்பா ஆரஞ்சை உரித்து, ஒவ்வொரு சுளையாக விதை எடுத்து, அம்மாவின் இடது உள்ளங்கையில் அடுக்கினார். நார் ஒட்டியிருந்தால் அதையும் நகத்தால் எடுத்தார். இதில் அவர் காட்டுகிற பொறுமையை எவரும் குறை சொல்ல முடியாது.

“புளிக்குதா?” என்றார். “புளிக்காது. நல்ல பழம். இன்னொண்ணு வேணுமா? வேணும்.”

அம்மா மென்று விழுங்கினாள்.

பறவைக்கூடத்தில்தான் அது நடந்தது. பெரிய வலைக்கூடு. உள்ளே போனால் பறவைகள் தோளில் வந்து உட்காரும். அம்மாவின் கையில் சூரியகாந்தி விதை நிரம்பிய காகிதக் கோப்பை. நீலமும் மஞ்சளுமாக ஒரு பெரிய கிளி வந்து கைப்பிடிச் சுவரில் அமர்ந்து, தலையைச் சாய்த்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “வாங்க, வாங்க” என்றது.

நின்றிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்தான்.

“பாரு” என்றார் அப்பா. “பறவை. அதுக்கே வருது. ரெண்டு தடவை சொல்லுது.”

உற்சாகப்படுத்தத்தான் சொன்னார். அதில் சந்தேகமில்லை.

அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கோப்பையைச் சுவரின்மேல் கவனமாக வைத்தாள். பிறகு, வாசலில் தொங்கிய சங்கிலித் திரையை இடது கையால் விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். சின்னவள் பின்னால் ஓடினாள்.

கிளி, கோப்பைக்குள் தலையை விட்டது.

பெரியவன் அப்பாவிடம் திரும்பினான். “அப்பா, அம்மா கிளி இல்ல.”

“நான் அப்படியாடா சொன்னேன்?”

“அப்படித்தான் சொன்னீங்க.”

அப்பா சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மடித்தார். மறுபடி பிரித்தார்.

“அவ அங்க போயிட்டா நான் வீட்டுல யாருகிட்டடா பேசுறது?”

குரல் எந்த நடைமேடைக்கும் எட்டாத அளவுக்கு இருந்தது.

“இப்பவும் அம்மா பதில் சொல்றதில்லையேப்பா.”

“கேட்குறாளே.”

நாளெல்லாம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பேச்சுக்கொடுத்துப் பேச்சுக்கொடுத்து வெளியே எடுக்கிறவன் பெரியவன். அப்பாவிடம் “வாங்க, போலாம்” என்று மட்டும் சொன்னான்.

வெளியே பெஞ்சில், சின்னவள் அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வர இன்னும் நேரமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு அவசரமாகப் பேசினாள்.

“அம்மா, என்கிட்ட சொல்ற மாதிரி அவர் எதிர்ல ஒண்ணே ஒண்ணு சொல்லிடும்மா. தண்ணின்னு சொன்னாக்கூடப் போதும். ஒப்பந்தம் முடிஞ்சுடும். நீ எங்கயும் போக வேண்டாம்.”

அம்மா அவளை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு தலையை இடமும் வலமும் அசைத்தாள்.

“முடியாதா? முயற்சி பண்ணும்மா. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

அம்மா மறுபடி தலையசைத்தாள், இந்த முறை இன்னும் மெதுவாக. சின்னவள் அதை முடியாது என்றே எடுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

நால்வரும் நடந்தார்கள். வெளியே போகும் வழி நெடுக மூங்கில் நிழல். பாதை திரும்புமிடத்தில் தாழ்வான வேலி போட்ட ஓர் அடைப்பு. உள்ளே ஒரு மிருகம் நின்றது.

முன்பாதி கறுப்பு. இடுப்பில் வெள்ளைப் போர்வையைச் சுற்றிவிட்டதுபோல நடுவில் வெள்ளை. பின்னங்கால்கள் மீண்டும் கறுப்பு. பன்றியின் உடம்பு. மூக்கு மட்டும் யானையாகலாமா என்று யோசித்து, பாதியில் மனம் மாறி நின்றுவிட்டது.

“இங்க தொடலாம்” என்றாள் பச்சைத் தொப்பி போட்ட பராமரிப்புப் பெண். “விலாவுல சொறிஞ்சு விடுங்க, படுத்துக்கும்.” சொல்லிவிட்டு, வேலிக்குமேல் ஏற முயன்ற ஒரு குடும்பத்தைக் கண்டிக்க அந்தப் பக்கம் போனாள்.

அப்பா வாயைத் திறந்தார். மூடினார்.

“இது... இதுக்குப் பேரு...” என்றார்.

ஒருவருக்கும் தெரியவில்லை.

“பன்றியில ஒரு வகையா இருக்கும்பா” என்றான் பெரியவன்.

“பேரு தெரியாம எப்படிடா? இருங்க. போர்டு இருக்கும்.” பெயர்ப்பலகை அடைப்பின் மறுகோடியில், கொடி படர்ந்து மறைந்து கிடந்தது. அப்பா அதை நோக்கிக் கிளம்பினார். போகிற போக்கில் திரும்பி, “நான் வந்து சொல்றேன். அதுக்குள்ள எதையாவது தப்பாச் சொல்லிக் குடுத்துடாதீங்க” என்றார்.

அவர் போனதும் மூங்கில் உரசுகிற சத்தம் கேட்டது. அது இவ்வளவு நேரமும் உரசிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

மிருகம் வேலியோரம் வந்து பக்கவாட்டில் நின்றது. அம்மா தன் இடது கையால் வலது கையைத் தூக்கி, அதன் வெள்ளை முதுகில் வைத்தாள். கை அங்கேயே கிடந்தது. பிறகு விரல்கள் அசைந்தன. சொறிவது என்று சொல்ல முடியாது. ஒரு விரல், அப்புறம் அடுத்த விரல். கரடுமுரடான குறுமயிருக்குள் அவை தடுமாறித் தடுமாறி நகர்ந்தன.

மிருகத்தின் பின்னங்கால்கள் முதலில் மடங்கின. பிறகு முன்னங்கால்கள். ஒரு பெருமூச்சோடு அது மண்ணில் சாய்ந்து படுத்து, கண்ணை மூடியது. அம்மாவும் கூடவே குனிந்து, கையை எடுக்காமல், வேலியோரக் கட்டையில் உட்கார்ந்தாள்.

என்ன சொல்வதென்று தெரியாததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

“நா...” என்றாள் அம்மா.

பெரியவன் திடுக்கிட்டு வாயைத் திறந்தான். சின்னவள் அவன் முழங்கையைக் கிள்ளினாள், நகம் பதியும்படி.

“நான்...” அம்மாவின் கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. எங்கோ ஒரு பறவை கத்தி ஓய்ந்தது. “அங்க... போறேன்.”

சின்னவள் அம்மாவின் அருகில் குனிந்தாள். “அங்கன்னா... அந்த எடத்துக்காம்மா?”

அம்மா தலையசைத்தாள். மேலும் கீழும். தெளிவாக.

“அப்ப, அந்தப் பெஞ்சுல நீ தலையாட்டினது...” சின்னவள் நிறுத்தினாள். இவ்வளவு நாளும் அப்பாதான் அம்மாவின் வாயில் வார்த்தையைத் திணிக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். “எங்களோட இருக்கப் பிடிக்கலையாம்மா?”

அம்மா மறுகோடியைப் பார்த்தாள். அங்கே அப்பா கொடியை இரண்டு கையாலும் பிய்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரை நோக்கி முகவாயை உயர்த்தினாள்.

“வந்து...” என்றாள். நீண்ட இடைவெளி. “சண்டை... போடணும்.”

பெரியவன் சிரித்தான். சிரிப்பு நடுவில் வேறு ஏதோவாக மாறியதால் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். கொஞ்சம் கழித்துத் தங்கையிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்.

“அம்மா பேசினதுல நீ அவ்வளவா ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியலையே. உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“அப்புறம் சொல்றேண்ணா.”

“எப்ப இருந்து?”

“அப்புறம்.”

அப்பா வந்துகொண்டிருந்தார். சட்டையில் காய்ந்த இலை. முகத்தில் வெற்றி.

“டேபிர்” என்றார் தொலைவிலிருந்தே. “டே-பிர். கஷ்டமே இல்ல. இங்க பாரு, சொல்லு...”

மூன்று முகங்களையும் பார்த்தார். நடை தளர்ந்தது.

“என்ன?”

“அம்மா பேசினாங்க” என்றான் பெரியவன்.

அப்பா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டார். “எப்ப?”

“இப்பதான். நீங்க போர்டு படிக்கப் போனப்ப.”

இவ்வளவு மாதமாக இரவு பகல் அவர் கேட்க நினைத்தது, அவர் ஒரு கொடியைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்து முடிந்திருந்தது. அவர் முகம் மலர்ந்தது, வாடியது, மறுபடி மலர முயன்றது.

“அப்ப நான் சொன்னது சரிதானே? வார்த்தை வந்துடுச்சு. இனி யாரும் எங்கயும் போக வேண்டாம். அதானே பேச்சு?” பெரியவனைப் பார்த்தார். அவன் வேறெங்கோ பார்த்தான். சின்னவளைப் பார்த்தார். “என்ன சொன்னா?”

“அம்மாகிட்டயே கேளுங்கப்பா” என்றாள் சின்னவள்.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். “என்ன சொன்னே?”

அம்மா படுத்திருந்த மிருகத்தின் மேலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து வார்த்தை தேடும்போது அவர் முகத்தைத் தவிர்த்தே வந்தவள். இப்போது தவிர்க்கவில்லை.

“அங்...” என்றாள்.

“அங்க மரம் இருக்குன்னு...” என்று தொடங்கிய அப்பா நிறுத்திக்கொண்டார்.

அந்த வீட்டில் ‘அங்க’ என்பதற்கு அர்த்தம் வைத்தவரே அவர்தான். அவர் வாயில் முழு வாக்கியம் ஒன்று தயாராக இருந்தது. ‘அங்க போக வேண்டாம்னு சொல்றா.’ அதைச் சொல்லிவிட்டால் முடிந்தது. குரலும் கூடவே இருந்தது. எந்த இரைச்சலுக்கும் மேலே எழும்பக்கூடிய குரல்.

அப்பா எதிரே கிடந்த கல்லில் மெல்ல உட்கார்ந்தார்.

பூங்கா மூடப்போவதாக ஒலிபெருக்கி கரகரத்தது. பச்சைத் தொப்பிப் பெண் நெருங்கி வந்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். அப்பா திரும்பாமலே ஒரு கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். பிறகு அந்தக் கையையும் கொண்டுவந்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

அம்மாவின் உதடுகள் கூடின, பிரிந்தன. மறுபடி கூடின.

அப்பா தன் உதட்டை உள்ளே மடித்து, கண்ணை அகல விரித்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.